வண்டியில்லாத எஸ்கார்ட்

என் அக்கா ஐடா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்தி, வாசலைப் பார்த்தபடி நின்றுகொண்டே முடித்துவிடுவாள். தங்கவயலில் அவள் வேலை பார்த்த போலீஸ் ஸ்டேஷனில் பெண் கான்ஸ்டபிள் அவள் ஒருத்திதான். ஒரு பெண்ணைச் சோதனை போடவும் ஐடா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் ஐடா, தூக்கு மாட்டிக்கொண்டவளை இறக்கவும் ஐடா. "நான் ஒரு நாளு காய்ச்சல்னு படுத்தா, இந்த ஊரு பொம்பளைங்க எல்லாம் நல்லவளுங்க ஆயிடுவாளுங்க. புடிக்க ஆளு ஏது?" என்பாள்.

தொண்ணூற்றொன்பதில், தேர்தல் நேரத்தில், மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தேன். அங்கே எனக்கு நர்ஸ் வேலை. வந்த நாளிலிருந்து அக்காவின் வாயில் ஒரே பேச்சு: பாப்பம்மா.

மூடிக் கிடந்த ஒரு சுரங்க ஷாப்ட் பக்கத்தில் செம்பு கேபிளை வெட்டினாள் என்று பாப்பம்மா மேல் கேஸ். பெங்களூர் ஜெயிலில் வைத்திருந்தார்கள். ஆளை நேரில் நிறுத்தினால்தான் ஜாமீன் மனுவைப் பார்ப்பேன் என்று மாஜிஸ்ட்ரேட் சொல்லிவிட்டார். நிறுத்த வண்டி வேண்டும். கைதிகளைக் கொண்டுபோக இருந்ததோ ஒரே ஒரு எஸ்கார்ட் வேன். அதுவும் தேர்தல் பந்தோபஸ்துக்குப் போய்விட்டது. வாய்தா மேல் வாய்தா தள்ளிப் போயிற்று. இதற்குள் மாஜிஸ்ட்ரேட்டுக்கே மாற்றல் வந்துவிட்டது. அவர் இடத்துக்கு யாரையும் போடவில்லை. வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசி நாள். அதை விட்டால் மனுவைக் கேட்க அந்தக் கோர்ட்டில் ஆளே இல்லை.

வியாழக்கிழமை சாயந்திரம் அக்கா என்னிடம் வந்தாள். "ஜூடி, நாளைக்கு சும்மா எங்கூட பெங்களூர் வரைக்கும் வா."

"எதுக்கு?"

"பாப்பம்மாவ ரயில்லயே கூட்டினு வந்துடலாம். இன்ஸ்பெக்டர் லெட்டர் குடுத்துட்டாரு. வண்டியும் இல்ல, துணைக்கு ஆளும் இல்ல. நீ வந்து பக்கத்துல குந்திக்க, போதும்."

ஏதாவது ஆனால் என் விசா? என் வேலை? மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். விடியற்காலை ரயிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஜெயில் வாசலில் வார்டர் கேட்டார், "ரெண்டு பேர் வரணுமே, இன்னொருத்தர் எங்கே?"

அக்கா சுடிதாரில் நின்ற என்னைக் காட்டினாள். "மப்டி."

வார்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாப்பம்மாவை வெளியே விட்டார். ஒல்லியான உடம்பு, கலைந்த தலை. என்னைப் பார்த்ததும், "இந்தம்மா போலீஸா? பாத்தா அழுவுற மாதிரி கீறாங்களே" என்றாள்.

பங்காருப்பேட்டையில் இறங்கி, தங்கவயல் போகும் மாரிகுப்பம் பாசஞ்சருக்கு மாற வேண்டும். ரயில் நிற்பதற்குள்ளாகவே வாசலில் நெரிசல். நான் இறங்கினேன், அக்கா இறங்கினாள். பாப்பம்மா இல்லை.

பிளாட்பாரம் முழுக்கத் தலைகள். அக்கா ஒரு பக்கம் ஓடினாள், நான் ஒரு பக்கம். குழாயடி, டீக்கடை, படிக்கட்டு. எங்கேயும் இல்லை. எதிர்ப் பிளாட்பாரத்தில் மாரிகுப்பம் வண்டி ஊதியது.

"அக்கா, ரயில்வே போலீஸ்கிட்ட சொல்லிடு. லேட்டா சொன்னா உன் வேல போயிடும்."

"சொன்னா அவ மேல ஓடிப்போன கேஸ் ஒண்ணு ஏறும். அப்பறம் ஜென்மத்துக்கும் ஜாமீன் கெடைக்காது."

"உன்ன நெனச்சுப் பாருக்கா!"

"கொஞ்சம் சும்மா இரு." தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டாள்.

அப்போது மாரிகுப்பம் வண்டியின் ஜன்னலிலிருந்து ஒரு கை ஆடியது. "ஐடாக்கா! இங்க! சீக்கிரம் வாங்க, சண்டைக்கி வர்றானுங்க!"

பாப்பம்மாதான். பெங்களூர் வண்டி நிற்கும்போதே தண்டவாளப் பக்கமாகக் குதித்து, ஓடிப்போய், மற்ற எல்லாரையும் போல முந்தானையை விரித்து மூன்று சீட் பிடித்திருந்தாள். தங்கவயல்காரர்கள் அந்த வண்டியில் அப்படித்தான் ஏறுவார்கள். கைதி என்றால் மட்டும் நின்றுகொண்டு வருவாளா?

ஓடிப்போய் ஏறினோம். அக்கா அவளை அறையக் கையை ஓங்கியவள், அப்படியே பக்கத்தில் விழுந்து உட்கார்ந்தாள். "நான் உன்ன கூட்டினு போறனா, நீ என்ன கூட்டினு போறியா?"

"இன்னாக்கா நீங்க? சீட்டு இல்லாம நின்னுனு வந்தா ஜட்ஜி முன்னால தள்ளாடுவேன். குடிச்சிருக்கான்னுவாரு."

தங்கவயல் உரிகம் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து, கோர்ட்டுக்குள் நுழைந்தபோது மாஜிஸ்ட்ரேட் எழுந்திருக்கப் போனார். அக்கா சல்யூட் அடித்தாள். அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

"எஸ்கார்ட்ல இன்னும் யாரு?"

"நான்தான் சார்."

"ஒருத்தியா? எதுல வந்தீங்க?"

"பாசஞ்சர்ல சார்."

பேனா நின்றது. கடைசி பெஞ்சில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. மனுவைப் படித்தார், சொந்த ஜாமீனில் விட்டார். பாப்பம்மா அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெளியே போனதும் ஓட்டமாக ஓடினாள், நிஜமாகவே இந்த முறை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சிரித்தார். கெட்டவர் இல்லை, இன்னொரு வேன் கேட்டு மேலே எழுதி எழுதி அலுத்துப்போனவர். "ஆய்த்தல்லா, ஆயிடுச்சே ஐடா! வண்டி இல்லாமலே வேலை முடிஞ்சுதே. இனிமே பொம்பளை கைதிங்களுக்கு நாம வண்டியே கேக்க வேணாம்."

அக்கா வீட்டுக்கு வந்தாள், தட்டை எடுத்தாள், வாசலைப் பார்த்து நின்றாள். பாதி சாப்பாட்டில் என் பக்கம் திரும்பினாள்.

"ஜூடி, நீ மஸ்கட்டுக்குப் போறது எப்போ?"

"ஏன் கேக்கற?"

"அடுத்த வாரம் வேற கோர்ட்டுக்கு ரெண்டு பேரக் கூட்டினு வரணுமாம்."