ஞானமுத்து வைத்த மூன்றாவது காரணி

போன புதன்கிழமை காவாந்தண்டலத்திலிருந்து எஸ்தர் ஆள் அனுப்பியிருந்தாள். அவள் தம்பி ஞானமுத்து வலிப்பு வந்து வரப்பிலேயே விழுந்து இறந்துவிட்டார். ஆய்வு அலுவலகத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அந்த வலிப்பு தலையில் பட்ட அடியால் வந்தது என்று தெரியும். அடி யாரால் வந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

உத்திரமேரூர்ப் பக்கம் வைக்கோல்போர்கள் எரிவதும் அரிவாள் வெட்டும் ஏன் என்றறிய ஊர் ஊராக இருபது கேள்விகள் கேட்டோம். எந்தெந்த விடைகள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று பார்த்து, பின்னால் இருக்கும் காரணிகளைப் பிரிப்பது எங்கள் வேலை. கூலி முதலாவது, ஏரித்தண்ணீர் இரண்டாவது. களத்தில் பெண்களை அடிப்பது மூன்றாவதாக மங்கலாக வந்தது. ஒரு காரணிக்குக் கணக்கில் வரும் மதிப்பு ஒன்று என்ற எண்ணைத் தாண்டினால் அதை வைத்துக்கொள்வது அலுவலக வழக்கம். அது மயிரிழையில் தாண்டியிருந்தது.

ஞானமுத்து ஒப்பவில்லை. ஒவ்வொரு கேள்வியின் விடைச்சீட்டுகளையும் முறத்தில் போட்டுக் குலுக்கி, ஓர் ஊரின் விடை வேறோர் ஊருக்குப் போகும்படி கலைத்தார். கைப்பிடி சுழற்றும் கணக்குப்பொறியில் மூன்று வாரம் மறுபடி கணக்கிட்டார். வெறும் குலுக்கலிலும் மூன்றாவது அதே அளவு வந்தது.

"குருட்டாம்போக்குல வர்றதே இவ்ளோ கீது. எடுத்துடலாம்மா."

அவர் அக்கா எஸ்தரின் கையைக் களத்து மேஸ்திரி தடியால் ஒடித்தபோது எலும்பு தோலைக் கிழித்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

"உங்க அக்கா கையும் குருட்டாம்போக்கா?"

"கை ஒடிஞ்சது நெசம். கணக்குல இன்னாத்துக்கு இல்லன்னு பாக்கணும்."

சீட்டுகளைப் புரட்டினார். ஊருக்கு ஊர் பெண்கள் ஒரே விடை சொல்லியிருந்தார்கள்: யாரும் அடிப்பதில்லை. ஏறி இறங்காத விடையில் காரணி எங்கே தெளியும்?

"எங்க ஒக்கார வச்சி கேட்டீங்க?"

களங்களுக்குச் சொந்தக்காரர்களான கிராம முன்சீப்களின் வீட்டு வாசல்களில். நிழலும் பெஞ்சும் இருந்ததால் நான்தான் அந்த இடங்களைச் சொன்னேன்.

"நல்ல எடம். திருடன ஜட்ஜி நாற்காலில ஒக்கார வச்சி வெசாரிச்சிருக்கீங்க."

வயல் வயலாகப் போய் அவரே திரும்பக் கேட்டார். கடைசி ஊர் முடித்து வரும்போது ஏரிக்கரையில் நான்கு பேர் மடக்கினார்கள். "இன்னாடா, சேரிப்பயலுக்குக் காயிதம் கேக்குதா?" மண்வெட்டிக் காம்பு தலையில் இறங்கியது. விழுந்தவரின் வாயில் உதைத்துப் பற்களை உடைத்தார்கள். சீட்டுகள் முன்பே எஸ்தரிடம் போயிருந்தன. கோணிப்போன கையோடு அவற்றைச் சேலைக்குள் முடிந்துகொண்டு அவள் எங்களிடம் நடந்து வந்தாள்.

ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் பேச்சு வந்ததும் அவர் கேட்டார்: "கொலுக்கிப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். இம்முறை மூன்றாவது காரணி குலுக்கலுக்கு எட்டாத உயரத்தில் நின்றது. நான்காவது எதுவும் எழவில்லை. மூன்றும் அறிக்கையில் போயின. முதல் சுற்று என் பிழையால் கெட்டது என்று எழுதப் போனேன். தடுத்துவிட்டார். "அத எழுதினா மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடுவாங்கம்மா. பொம்பளைங்க சொன்னது நிக்கட்டும்." நானும் வசதியாக வாய்மூடிக்கொண்டேன். இன்று எழுதிவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்திருப்பது ஒரு பழக்கம். ஒரு பெண்ணிடம் கேள்வித்தாளை எடுக்குமுன் சுற்றிலும் பார்க்கிறேன். கதவோரம் யாராவது நின்றால் தாளை மடித்து வைத்துவிட்டு, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்து எழுந்துவிடுகிறேன்.