சவர்க்காரம் மணத்த கை

வெள்ளத்தில் அள்ளுண்டவர்களைத் தண்ணீருக்குள் மூழ்கித் தேடிய கண்டக்குழிக் கிராமத்து ஆட்களின் மன அழுத்தத்தை அளக்க, கொழும்பில் யாரோ தயாரித்த படிவத்தோடு போயிருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் சைபரிலிருந்து நாலு வரை ஓர் எண் போட வேண்டும்; சைபர் என்றால் கரைச்சலே இல்லை.

எனக்கு முன்னால் கதிரையில் இருந்த சுழியோடிக்கு வெள்ளைத் தாடி, உப்பில் வெடித்த விரல்கள். ஒவ்வொரு பதிலுக்கும் முன் உள்ளங்கையை முகர்ந்துகொண்டார். பிணங்களைப் பற்றிய கேள்விக்கு வந்தேன்.

"நானா, மையித்து தூக்கின ஞாபகம் எவ்வளவு கரைச்சல் குடுக்குது?"

கையை என் மூக்கருகே நீட்டினார். "மணக்குதா சேர்?"

"சவர்க்காரம்தான் மணக்குது."

"அப்ப சைபர் போடுங்க."

போட்டேன். அவர் எழுந்து நேரே பைப்படிக்குப் போய் மறுபடியும் கை கழுவத் தொடங்கினார். அந்தச் சைபரைச் சொன்னது அவரா, என் மூக்கா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.