எதிர்ப்பாறைக்குக் கேட்ட சத்தம்

அஞ்சாவது வரைதான் படித்தேன். ஒன்று சொல்ல வந்தால் வேறொன்றில் போய் நிற்பேன், மறதி வேறு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் மருமகள் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். யாரோ பேசிப் பதிந்ததைக் கேட்டு அப்படியே தட்டி அனுப்ப வேண்டும். சொல் தப்பினால் வேலை திரும்பி வந்துவிடும். ஸ்பீக்கரோ எந்நேரமும் கொர்ரென்று இரையும். அதற்காகவே திருப்பத்தூர் போய் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். தீப்பெட்டி அளவுதான். கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டினாள்.

"உள்ள எல்லாம் நம்பராத்தான் கீது அத்தே. கம்ப்யூட்டரே அத சத்தமா மாத்தனா, உள்ள ஓடுற இரைச்சலும் ஒட்டிக்கினு வருது. இது வெளிய வச்சி மாத்துது."

பாதிதான் புரிந்தது. ஆனால் உறையைப் பிரித்ததும் வந்த புது வயர் வாசனை என் வீட்டுக்காரரின் ஆம்ப்ளிபயரைக் கண்முன் கொண்டுவந்துவிட்டது.

அவர் மைக் செட் வைத்திருந்தார். மலையில் எங்கே கல்யாணம், திருவிழா என்றாலும் நாங்கள் இருவரும்தான் தூக்கிக்கொண்டு போவோம். அடிக்கடி போகும் ஓர் ஊரில் குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்தில் கட்டிவிட்டு, என்னை எதிர்ச் சரிவில் இருக்கும் பாறைக்கு அனுப்புவார். பேச்சு தெளிவாக விழுந்தால் சிவப்புத் துணி ஆட்ட வேண்டும், இரைந்தால் வெள்ளை. வெள்ளை என்றால் பேட்டரித் தண்ணீர் பட்டு ஓட்டை விழுந்த அவர் வேட்டிதான். வெள்ளை ஆட்டினால் குழாயைத் திருப்புவார். சிவப்பு ஆட்டினாலும் சில நாள் திருப்பிக்கொண்டேதான் இருப்பார்.

எதிர்ச் சரிவு ஊர்களுக்கு அப்போது ஆள் போய்ச் சொல்வது கிடையாது. குழாயில் சொல்வதுதான் அழைப்பு. காதில் விழாவிட்டால், "எங்களக் கூப்புடல" என்று ஒருத்தரும் வர மாட்டார்கள். பழி எங்கள் தலையில் விழும்.

எனக்கோ நாலு பேர் பார்த்தாலே கால் பின்னும். அது தெரிந்தே மைக்கில் கேட்பார்.

"இந்தாமே, கேக்குதா? சாப்ட்டியா?"

பாறையில் ஆடு மேய்க்கும் அக்கா ஒருத்தி இருப்பாள். "இன்னாமே, உன் வூட்டுக்காரரு மலைக்கே சொல்லிக்கினு குடும்பம் நடத்துறாரு" என்பாள். நான் முந்தானையில் முகத்தை மறைத்துக்கொண்டு சிவப்பை ஆட்டுவேன்.

குழாய் மறுபடி பேசும். "ஆட்டுற ஆட்டத்தப் பாத்தா இன்னும் சாப்புடல போல."

பெட்டியை மாட்டி முடித்த மருமகள், "எப்டி கீதுன்னு கேளுங்க அத்தே" என்றாள். நான் பாட்டுக்கு எழுந்து கொல்லைக் கோடிவரை நடந்து, திரும்பி நின்றேன். இரைச்சல் இல்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. முந்தானையை எடுத்து ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் வெட்கமாக இருந்தது. நல்லவேளை, அவள் திரையைப் பார்த்துத் தட்டத் தொடங்கியிருந்தாள்.

"எங்க போய்ட்டீங்க? நல்லா கீதா?"

"நல்லா கீது" என்று கிட்டே வந்து வாயால் சொன்னேன்.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. குழாயைக் காயலான் கடைக்குப் போட்டாயிற்று. அழைப்பெல்லாம் இப்போது போனில் வருகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்தப் புளியமரத்தடியில் நின்று பார்த்தேன். பாறையே மங்கலாகத்தான் தெரிந்தது. என் கண்ணும் பழசுதான்.

அவரிடம் இதை நான் கேட்டதே இல்லை. அந்த நாளில் மைக் பக்கம் நின்றவர்கள் யாராவது படித்தால், நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். அங்கிருந்து துணி தெரிந்ததா?