முந்திரிக் கடைக்காரி தராத அட்ரஸ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர் குவார்ட்டர்ஸ் அண்ணாச்சி செல்போனை நீட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"எம்மா... இது எம் மவதான?"

திரையில் முந்திரிப் பருப்பு விற்கும் ஒரு வெப்சைட். பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கும் என் சிநேகிதி கலைவாணியுடையது. காடாம்புலியூர் பக்கம் பருப்பு வாங்கி, தரம் பிரித்து, ஊர் ஊராகக் கூரியரில் அனுப்புகிறாள். அந்த லிங்கை எங்கள் பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு ஓசி விளம்பரம் செய்ததே நான்தான். பருப்பு வாங்கலாமா என்று உள்ளே போன அண்ணாச்சி, வாடிக்கையாளர் கருத்துகளில் மாட்டிக்கொண்டார்.

'பருப்பு ஃப்ரெஷ். என் மூணு வயசு பொண்ணே பாதி பாக்கெட்டைக் காலி பண்ணிட்டா. நெய்வேலியில் வளர்ந்தவள் சொல்கிறேன், நம்பி வாங்கலாம். இப்படிக்கு, ச. இசக்கிச்செல்வி.'

அண்ணாச்சியின் பெயர் சண்முகவேல். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நெய்வேலியில் வளர்ந்த இன்னொரு ச. இசக்கிச்செல்வியை எங்கே போய்த் தேடுவது? அவளேதான்.

மனைவியை இழந்தவர், ஒரே மகள். ஐந்து வருடத்துக்கு முன் அவள் தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். "இனி என் முகத்துல முழிக்காத" என்றார் இவர். அவளும் அப்பா பேச்சைத் தட்டாத பெண்... முழிக்கவேயில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். தனக்கு ஒரு பேத்தி இருப்பதையே அண்ணாச்சி அன்று முந்திரி பாக்கெட் மூலமாகத்தான் தெரிந்துகொண்டார்.

அதில் சந்தோஷப்படாமல் ஏன் இத்தனை பதற்றம் என்கிறீர்களா? மாதக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

"அவளுக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வீடுதாம்மா. நாளைக்கே மனசு மாறி வந்தான்னு வையி... வேற யாராவதுல்லா கதவத் தொறப்பாங்க."

"வாங்க அண்ணாச்சி, அஞ்சு நிமிஷ வேலை. அட்ரஸ் வாங்கித் தரேன்" என்று ஸ்கூட்டரை எடுத்தேன்.

எனக்கு ஏன் அத்தனை நம்பிக்கை? நான் நெய்வேலி டவுன்ஷிப்காரி. இங்கே யாருடைய அட்ரஸும் ரகசியமில்லை. பஸ் ஸ்டாப்பில் ஒரு பெயரைச் சொன்னால் போதும். பிளாக், ரோடு, வீட்டு நம்பர், இந்த வாரம் எந்த ஷிப்ட், பையன் பிளஸ் டூவில் எத்தனை மார்க்... கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்கள். சில பேர் வீடு வரைக்கும் கூடவே வந்து பெல்லையும் அடிப்பார்கள்.

கலைவாணி டீ கொடுத்தாள். முழுக்கதையையும் கேட்டாள். கண் கலங்கினாள். அட்ரஸ் மட்டும் தரவில்லை!

"என்னாக்கா நீ, ஒருத்தர இட்டுக்கினு வந்து அட்ரஸக் கேட்டா குடுத்துடுவனா? நம்ம சைட்டுல பிரைவசி பக்கத்த நீ படிச்சதே இல்லியா?"

படித்ததில்லை. நீங்கள் எந்த வெப்சைட்டிலாவது அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறீர்களா? 'சம்மதம்' பட்டனைத் தேடிப் பாய்கிற கூட்டம்தானே நாமெல்லாம்? அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். வெப்சைட் செய்தவர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஆங்கிலத்தைத் தூக்கிவிட்டு, அவளே எழுதியிருந்தாள். 'உங்க பேரு, அட்ரஸ், நம்பர் எல்லாம் பார்சல் அனுப்ப மட்டும்தான். வேற யார் கேட்டாலும் குடுக்க மாட்டோம்.'

"பெத்த அப்பாம்மா நான்" என்றார் அண்ணாச்சி.

"தெரியுதுங்க ஐயா. நீங்க பாசத்துல தேடறீங்க. நாளைக்கு வேற யாருன்னா கோவத்துல தேடிக்கினு வந்தா? அவங்களும் சொந்தம்னுதான் சொல்லுவாங்க."

வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்ட பெண்களைத் தேடிக்கொண்டு யார் யாரெல்லாம் கிளம்புவார்கள் என்று நமக்குத் தெரியாதா என்ன?

அதோடு நிற்கவில்லை அவள். "இனிஷியலோட முழுப்பேரையும் ஊருக்கே காட்டிக்கினு இருந்தது என் தப்பு" என்று கருத்துகள் பக்கத்தைத் திறந்தாள். அண்ணாச்சி பதறிவிட்டார்.

"அத மட்டும் எடுத்துராதம்மா... அதுல எம் பேரு முதலெழுத்து இருக்கு. அவ இன்னும் மாத்தல."

கலைவாணி சற்றுத் தயங்கினாள். ஆனாலும் எடுத்துவிட்டாள். 'ஒரு வாடிக்கையாளர்' ஆகிப்போனாள் இசக்கிச்செல்வி. நிஜத்தைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குக் கலைவாணி மேல் கோபம்தான் வந்தது.

பிறகு அவளே லேப்டாப்பை அண்ணாச்சி பக்கம் நகர்த்தினாள். "சொல்ல வேண்டியத எழுதுங்க ஐயா. அப்படியே அவங்களுக்கு அனுப்பறேன். பதில் போடறது அவங்க இஷ்டம்."

நீளமாக எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: 'அப்பா எழுதுகிறேன். இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன்.' கீழே வடக்குத்தில் பார்த்து வைத்திருக்கும் வாடகை வீட்டு விலாசம், அவருடைய செல் நம்பர். மகள் எங்கே இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்ரஸ் வாங்க வந்தவர், தன்னுடையதைக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

ஒரு வாரம் பதிலில்லை. அண்ணாச்சி போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. குளிக்கப் போனால்கூட என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். சாமான் கட்டும் நாளும் வந்தது. பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. புது நம்பர். எடுத்தவர் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் ஒரு குட்டிக் குரல் முந்திரியைப் பற்றி ஏதோ புகார் சொல்லிக்கொண்டிருந்தது. நான் வெளியே வந்து நன்றாக அழுதேன். சுகமான அழுகை.

இப்போது மகள் வீட்டுக்கே போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பேத்தி போட்டோ எல்லாம் காட்டினார். என் வாய் சும்மா இருக்குமா?

"எந்த ஊரு அண்ணாச்சி?"

சிரித்தார். "அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதேன்மா."

இரண்டு வாரமாகிறது. இன்னும் சொல்லவில்லை. எனக்கு வருத்தம் துளியும் இல்லை... ஆவல் மட்டும்தான் தாங்கவில்லை!