வரிவரியாக வாசித்த பத்திரம்

என் கழுத்தை அறுத்தவன் என் சொந்தத் தம்பி. சொந்தத்துக்குள் நடந்ததை வெளியே சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: செய்தவனுக்கு இல்லாத வெட்கம் எனக்கு எதற்கு?

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வருடக்கணக்காக வைத்தியம் பார்த்தோம், ஊசி போட்டோம், ஒன்றும் சரிவரவில்லை. பிறகு தத்தெடுக்கலாம் என்று இங்கே ஜெர்மனியில், நாங்கள் இருக்கும் ஹம் நகரத்துச் சிறுவர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். எனக்கு நாற்பத்து நான்கு, என் கணவருக்கு ஐம்பது. கைக்குழந்தை கிடைப்பது கடினம் என்றாள்.

அந்த நேரத்தில்தான் எசன் நகரத்தில் இருக்கும் தம்பி கோல் எடுத்தான். அவனுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். அவன் மனைவி, என் மச்சாள், மூன்றாவது தடவையாக வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, இதை நீங்கள் வளர்த்தெடுங்கோ. அவளும் ஓம் எண்டிட்டாள்."

சகோதரங்களுக்குள் பிள்ளை கொடுப்பது எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. ஆண்கள் கதைத்து முடிப்பார்கள், பிள்ளை வீடு மாறும். நான் போனோடு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அவனுக்கு எத்தனை தடவை நன்றி சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஆனால் எனக்கு வாய்ச்சொல் போதாது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் நீ யார் என்று கேட்டால் காட்டுவதற்குக் கடதாசி வேண்டும். ஒரு சட்டத்தரணியைப் பிடித்தோம். அவரே நோட்டாரும், அதாவது பத்திரங்களை உறுதிப்படுத்துகிறவர். சொந்தத்துக்குள் என்றாலும் கடைசியில் நீதிமன்றம்தான் முடிவெடுக்கும் என்றார். அதற்கு முன்னால் பெற்ற தாயும் தகப்பனும் தனக்கு முன்னால் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டுமாம். பிள்ளைக்கு எட்டுக் கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், முடியாமல் அந்தச் சம்மதம் செல்லாதாம். தாயோடு தான் முதலே ஒருதடவை பேசலாமா என்றும் கேட்டார். அவளுக்கு ஜெர்மன் வராது, நான் விளங்கப்படுத்துகிறேன் என்று தம்பி முந்திக்கொண்டான். நானும் தலையை ஆட்டினேன்.

பெண் குழந்தை. வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். மூன்றாவது கிழமை தம்பியே காரில் கொண்டுவந்து தந்தான். தாய்க்குத் தையல் ஆறவில்லை, இப்போதே உங்களிடம் இருக்கட்டும் என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நேரம் என்பதே இல்லாமல் போனது. குசினியில் புகை இழுக்கும் மெசினைப் போட்டால்தான் அவள் நித்திரை கொள்வாள். சமைக்காத நேரமும் அது ஓடிக்கொண்டிருக்கும். என் கணவர் அதன் கீழே அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார். அவரை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை.

இரண்டு நாளுக்கு ஒருதடவை தம்பி பால் கொண்டுவருவான். தாய் எடுத்து, சின்னப் போத்தல்களில் உறைய வைத்து, ஒவ்வொன்றிலும் திகதி எழுதி ஒட்டிய பால். என்ன நல்ல மனசு, கொடுத்த பிறகும் அனுப்புகிறாளே என்று நினைத்தேன். விசரி நான்! பிள்ளையைக் கொடுத்துவிட்டவள் எதற்குத் திகதி போட்டுப் பால் அனுப்புகிறாள்? பின்னேரங்களில் கோல் எடுத்து, குடித்தாளா, படுத்தாளா என்று கேட்பாள். நான் ஓம் ஓம் என்று சொல்லிக் கெதியாக வைத்துவிடுவேன். கதையை வளர்த்தால் அவளுக்கு ஆசை வளர்ந்துவிடும் என்று பயம்.

பத்தாவது கிழமை நோட்டாரைப் பார்க்க டெர்மின், நாளும் நேரமும், கிடைத்தது. மேசையைச் சுற்றி நாங்கள் நான்கு பேர், என் மடியில் பிள்ளை. மொழிபெயர்க்கச் சொந்தக்காரர் கூடாது என்று அவர் வெளியிலிருந்து ஒரு இளம் பெட்டையைக் கூப்பிட்டிருந்தார். இங்கேயே வளர்ந்தவள், ஆனால் நல்ல யாழ்ப்பாணத் தமிழ். தேவையில்லாத வேலை என்று தம்பி முணுமுணுத்தான்.

இந்த நாட்டில் நோட்டார் பத்திரத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்க வாசிக்க வேண்டும். அவர் ஒரு பந்தி வாசிக்க, அவள் தமிழில் சொன்னாள். பெயர், விலாசம், பிறந்த திகதி. மச்சாள் பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அந்த வரி வந்தது.

"பிள்ளைக்கும் பெத்த தாய் தகப்பனுக்கும் உள்ள உறவு சட்டப்படி முடிஞ்சு போகும். குடுத்த சம்மதத்தைப் பிறகு திருப்பி எடுக்க ஏலாது."

மச்சாள் நிமிர்ந்தாள். "ஆருடைய பிள்ளைக்கு?"

மொழிபெயர்த்தவள் குழந்தையின் பெயரைச் சொன்னாள். மச்சாள் தம்பியைப் பார்த்தாள். தனக்குச் சுகம் வரும்வரை பிள்ளையை டொக்டரிடம் கொண்டுபோக அக்காவுக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றுதான் இவர் சொன்னவர் என்றாள். பேசாமல் இரு, வெளியில் போய்க் கதைப்பம் என்று தம்பி சீறினான். அந்தப் பெட்டை அதையும் ஜெர்மனில் அப்படியே சொன்னாள். நோட்டார் பேனையை மூடினார். இன்று இங்கே ஒருவரும் கையெழுத்து வைக்கப் போவதில்லை என்றார்.

அறைக்கு வெளியே நடையில் தம்பியைப் பிடித்தேன். ஏன் செய்தாய் என்று கேட்டேன்.

"ஒருக்கா கையெழுத்து வைச்சிட்டால் பிறகு பழகியிருப்பாள் அக்கா. உங்களுக்காகத்தான் செய்தனான்."

எனக்காகவாம்! சின்ன வீடு, மூன்றாவதைத் தன்னால் சமாளிக்க ஏலாது என்று மற்றவர்களிடம் சொன்னது பிறகுதான் என் காதுக்கு வந்தது. இனி என் வாசல் மிதிக்காதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். இன்றுவரை அவனும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

காத்திருக்கும் அறையில் மச்சாள் நின்றாள். பறிக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். நான் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி கதவைப் பார்த்தேன். ஓடிவிடலாமா என்று உண்மையாகவே நினைத்தேன். என் கணவர்தான் வந்து என் கையை மெல்ல விலக்கினார். பிள்ளை அவளிடம் போனதும் கத்தத் தொடங்கியது. நான் வாய் திறந்து சமாதானம் சொன்னால் என் பக்கம் திரும்பிவிடும் என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"மச்சாள், நீங்கள் ஒருக்கா என்னட்டைக் கேட்டிருக்கலாம்," என்றாள்.

தம்பிதான் சொன்னான், நான் நம்பினேன் என்று பதில் சொன்னேன். எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன், பொய்யும் இல்லை. ஆனால் கேட்டிருந்தால் அவள் ஏலாது என்றுதான் சொல்லியிருப்பாள். அது எனக்கு அப்போதே தெரியும்.