கையில் வாங்காத கடிதம்

எங்கள் மோனிஷாவுக்கு லண்டன் குளிரைப் பார்த்துப் பயமில்லை. பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவளுக்குக் குளிர் என்ன புதிதா? கதவில் கடிதம் விழுகிற சத்தத்துக்குத்தான் பயம்.

சிரிக்காதீர்கள். அது அவள் எங்களிடமிருந்து கொண்டுபோன பயம். எஸ்டேட்டை மூடிப் பதினோரு வருடமாகிறது. மூடிய கையோடு, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலிசெய்யச் சொல்லி வீட்டுக்கு வீடு நோட்டீஸ் வந்தது. கொண்டுவந்தவர் ஆபீஸ் பியூன் அப்புசாமி. மோனிஷாவின் அம்மா சுருளியம்மாள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எத்தன தடவ நீட்டுனாலும் தொட மாட்டேன். தொட்டாத்தான வாங்குனதா ஆகும்?"

ஆள் குத்துக்கல் மாதிரி எதிரில் நிற்கும்போதே அப்புசாமி ‘ஆள் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார். அவளைப் பார்த்து நாங்களும் கையைக் கட்டிக்கொண்டோம். இன்றுவரை லயத்தில்தான் இருக்கிறோம். காரணம் என்னவோ, எங்களைப் பொறுத்தவரை அது சுருளியம்மாளின் சாமர்த்தியம்.

மோனிஷா குமுளியில் முதியோர் பராமரிப்புப் படித்துவிட்டு லண்டனுக்குப் போனாள். வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, உடை மாற்றிவிடுகிற வேலை. கூப்பிட்ட கம்பெனியின் பேரில்தான் விசா. இரண்டு வருடம் நன்றாகத்தான் போயிற்று. போன மார்ச்சில் ஒருநாள் ஆபீசுக்குப் போனால் பூட்டுத் தொங்கியது. வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்கிற லைசென்ஸ் கம்பெனிக்குப் போய்விட்டதாம்.

அன்றே அம்மாவுக்குப் போன் செய்து அழுதாள். "கவர்மெண்டுல இருந்து லெட்டர் வருமாம்மா. வந்தா ஊருக்கு அனுப்பிருவாங்களாம்."

"வரட்டும். நீ வாங்கிப்புடாத. வாங்காத வரைக்கும் ஒரு பய நம்மள அசைக்க முடியாது" என்றாள் சுருளியம்மாள்.

ஆனால் அந்த ஊரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வழியில்லை. கதவிலேயே ஒரு வாய் இருக்கிறது. தபால்காரர் அதில் போட்டுவிட்டுப் போய்விடுவார். பத்தாம் நாள் அவள் பேருக்கு ஒரு பழுப்பு உறை கால்மிதியில் வந்து விழுந்தது. அவள் தொடவில்லை. நாலு நாள் தாண்டித் தாண்டிப் போனாள். ஐந்தாம் நாள் துடைப்பத்தால் செருப்பு அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

தள்ளியதால் பயம் போகவில்லை. தெருவில் போலீஸைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனாள். யாராவது மணி அடித்தால் குளியலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை தேடப் போனால் விசாவைப் பற்றிக் கேட்பார்களே என்று அதற்கும் பயந்தாள். கூட இருந்த சிசிலி, கட்டப்பனைக்காரி, ஆஸ்பத்திரி நர்ஸ், விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தாள். பேசக்கூட ஆளில்லை. சோறு இறங்கவில்லை, கஞ்சிதான்.

ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பிய சிசிலி செருப்பு எடுக்கக் குனிந்தபோது உறையைப் பார்த்தாள்.

"எடி, இது எப்ப வந்தது? பொட்டிச்சுப் பாக்கலையா நீ?"

"தொடாத சேச்சி!" என்று இவள் அலறுவதற்குள் அவள் கிழித்துவிட்டாள்.

வேறு வேலை தேடிக்கொள்ள அறுபது நாள் கொடுத்திருந்தார்கள். கடிதத்தில் போட்ட தேதியிலிருந்து. தொட்டாளா, வாங்கினாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. நாற்பத்தேழு நாள் போய்விட்டது.

"எங்க ஆஸ்பத்திரி பக்கத்து முதியோர் ஹோம்ல போன மாசம் ஆறு பேர வேலைக்கு எடுத்தாங்களாம்டி" என்று சிசிலி தலையில் கைவைத்தாள். மோனிஷா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இதெல்லாம் எனக்கு அவள் தனியாகப் போனில் அழைத்துச் சொன்னது. "அம்மாட்ட சொல்லிராதக்கா" என்றும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியிடம்தானே இதையெல்லாம் சொல்ல முடியும்.

மறுநாள் சாயங்காலம் சுருளியம்மாள் என் போனிலிருந்துதான் ஸ்பீக்கர் போட்டுப் பேசினாள். லயமே சுற்றி நின்றது.

"லெட்டர வாங்கிப்புடலையே?"

"இல்லம்மா. தொடவே இல்ல."

சுருளியம்மாள் எங்கள் பக்கம் திரும்பி, பழையபடி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக் காட்டினாள். "தாயப் போல பிள்ள!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

"அம்மா" என்றாள் மோனிஷா. "நம்ம வீட்டு நோட்டீஸ்ல என்ன தேதிம்மா போட்டிருந்துச்சு?"

சுருளியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தேன். பதினோரு வருடமாகிறது. எங்களில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை.