கொழும்பு ஓட்டமும் கிண்ணியா ஓட்டமும்

நான் கொழும்புக்கு லொறி ஓடிய காலத்தில் என் மகளுக்கு நாலு வயது. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் சீமெந்து ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனால், அங்கே இறக்கி, திரும்பும் சுமைக்குக் காத்துக் கிடந்து, வீடு வந்து சேர நாலைந்து நாளாகிவிடும். வந்தால் ஒரு நாள் நிற்பேன். அந்த ஒரு நாளுக்காக மனைவி மகளைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, கோயிலுக்குப் போடுகிற வலைச் சட்டையை மாட்டி நிறுத்தியிருப்பாள். மகள் என்னைக் கண்டதும் கதிரையைக் காட்டி, "இருங்கோ அப்பா" என்பாள். பிறகு தட்டில் பிஸ்கட் கொண்டுவந்து நீட்டுவாள். எவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை என்று கொழும்பு வரைக்கும் உள்ள தேத்தண்ணிக் கடைகளில் எல்லாம் நான் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் பிஸ்கட்டை நீட்டிவிட்டு, "அப்பா, எப்ப போவீங்கள்?" என்று கேட்டாள்.

"ஏனம்மா?"

"இந்தச் சட்டை கடிக்குது. நீங்கள் போனால்தான் கழட்டலாம்."

மனைவி குசினிக்குள் அடுப்படியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கட்டிய வீட்டில் நான் விருந்தாளி, அதிலும் எப்போது எழும்புவான் என்று பார்க்கப்படுகிற விருந்தாளி. கோபம் வந்தால் லொறி கழுவுவது என் பழக்கம். அன்று இரண்டு தரம் கழுவினேன்.

முதலாளியிடம் ஒரு சின்ன லொறியும் இருந்தது. கிண்ணியா, மூதூர், கந்தளாய்க் கடைகளுக்குச் சீமெந்து போடுகிற உள்ளூர் ஓட்டம். அதை ஓடினவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டதால் ஆள் தேடிக்கொண்டிருந்தார். நான் போய்க் கேட்டேன். "ஒரு கிழமை ஓடிப் பாரும். சனிக்கிழமை முடிவு சொல்ல வேணும். பிறகு மாத்தித் தரச் சொல்லிக் கேக்க ஏலாது" என்றார். தூர ஓட்டக்காரர் நாங்கள் உள்ளூர் ஓடுகிறவனை டிரைவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. செய்தி கேட்ட கூட்டாளி ஒருவன், எனக்கு என்ன வருத்தம், எந்த டொக்டரிடம் காட்டுகிறேன் என்று இரகசியமாக விசாரித்தான்.

திங்கட்கிழமை விடிய மனைவி பழக்க தோஷத்தில் சோற்றுப் பார்சல் கட்டினாள். நானும் பழக்க தோஷத்தில் இரண்டு சாரம், துவாய், தலையணை எல்லாம் பையில் வைத்தேன். சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசித்து, சந்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். எதிர்வீட்டு அக்கா படலையடிக்கு வந்து, "கவனமாப் போயிட்டு வாங்கோ தம்பி" என்று வழியனுப்பினார். நான் கிண்ணியாவுக்குப் போய் இறக்கிவிட்டுக் காலை பத்து மணிக்குத் திரும்பி வந்தேன்.

எங்கள் ஒழுங்கையில் உள்ள சனமெல்லாம் வீட்டுக்கு வெளியில் வந்துவிட்டது. "ஐயோ, எங்க அடிபட்டது?" என்று எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து லொறியின் முன்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். வேறொருவர் பயம் தெளியட்டும் என்று எனக்குச் சோடா உடைத்துத் தந்தார். நான் சும்மாதான் வந்தனான் என்று சொல்ல, சோடா தந்தவருக்கு முகம் சுருங்கிப்போனது. மண்ணுக்குள் விளையாடிக்கொண்டிருந்த மகள் என்னைக் கண்டதும் உள்ளே பறந்தாள். வலைச் சட்டையைத் தானே பின்பக்கம் முன்னால் வர மாட்டிக்கொண்டு, சேற்றுக் கையால் பிஸ்கட் தட்டை நீட்டினாள். சேற்றோடு ஒரு பிஸ்கட்டைத் தின்றேன்.

புதன்கிழமை இன்னும் மோசம். சீனக்குடாவில் இடப்பக்கம் திரும்பினால்தான் கிண்ணியா. நேரே போனால் கந்தளாய், அப்படியே கொழும்பு. என் கைக்கு நேரே போகத்தான் தெரியும். பாட்டுப் போட்டுக்கொண்டு நல்ல சந்தோஷமாகப் போய், வழக்கமாக நிற்பாட்டும் இடத்தில் நிற்பாட்டி, ஒரு சட்டி தயிரும் வாங்கிவிட்டேன். அப்போதுதான் சீமெந்துக்குச் சொல்லியிருந்த கிண்ணியாக் கடைக்காரர் போன் எடுத்தார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி அவரை நான் 'நானா' என்றுதான் கூப்பிடுவேன்.

"எங்க தம்பி நிக்கிறீங்க? இறக்கிற ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கிறாங்க."

"இந்தா வந்திட்டன் நானா. கந்தளாய்க்கு வந்தாச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

"கொழும்புக்கா கொண்டு போறீங்க என்ட சீமெந்த? கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாம படகில ஏத்தின காலத்திலயே இதவிடச் சுறுக்கா சாமான் வந்திச்சே தம்பி!"

லொறியைத் திருப்பிக்கொண்டு போய், முதலில் தயிர்ச் சட்டியை இறக்கினேன், பிறகு சீமெந்தை இறக்கினேன். நானா தயிரைப் பார்த்து மனம் இளகினார். ஆனாலும் முதலாளிக்குக் கதை போகாமல் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தபோது எனக்கு எல்லாமே வெறுத்துவிட்டது. ஐந்து நாள் வீட்டோடு நின்றும் மகள் கதிரை காட்டுவதை விடவில்லை. பிஸ்கட் மட்டும் முடிந்து போனதால் அதற்குப் பதிலாக ரஸ்க் வந்தது. விருந்தாளியாகவே இருப்பதென்றால் கொழும்பிலேயே இருந்துவிடலாமே, அங்கே டிரைவர் என்ற மதிப்பாவது மிஞ்சுமே என்று யோசித்தேன். நாளைக்குப் பழைய ஓட்டத்தையே கேட்டுவிடுவது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என் சாரங்களை மடித்துப் பையில் வைத்தாள். ஒன்றையாவது எறிந்து கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை மகள் என் போனில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டு நிலத்தில் கிடந்தாள். மணி அடித்தது, முதலாளி. நான் போனை அவள் கையிலிருந்து பறித்து, ஹலோ என்றேன்.

அவ்வளவுதான். பிள்ளை வீடே அதிரக் கத்தினாள். என் முழங்காலில் இரண்டு கையாலும் மொத்தினாள். "அப்பா கூடாது! அப்பா பொல்லாது! உங்களோட கோவம்!" என்று சொல்லி, கட்டிலுக்கடியில் புகுந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தாள். இந்த அழிச்சாட்டியமெல்லாம் தாயோடு நாள் முழுக்க நடக்கும் என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். என்னோடு ஒரு நாளும் நடந்ததில்லை. மனைவி பதறிப்போய் ஓடிவந்தாள். "இஞ்சாருங்கோ, சின்னப் பிள்ளை, ஏசாதேங்கோ" என்றாள். நான் எங்கே ஏசப் போகிறேன்? எனக்குக் கண் கலங்கிவிட்டது, முழங்கால் வேறு வலித்தது, சிரிப்பும் வந்தது.

போனுக்குள் முதலாளி கத்திக்கொண்டிருந்தார். "என்னப்பா அங்க சத்தம்? கொழும்போ, கிண்ணியாவோ? முடிவைச் சொல்லும்!"

"கொழும்புக்குப் போக ஏலாது முதலாளி" என்றேன். "மகள் என்னோட கோவம். பின்னேரத்துக்குள்ள சமாதானமாக வேணும்."